மாஸ்டாவைத் தேடி ஐந்து நாள்

நாள் 1: ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ரான்ஸ்

ரீம்ஸ் என்றுதான் இத்தனை வருஷமும் வாசித்து வைத்திருந்தேன். ஊர்க்காரர்கள் வாயில் அது 'ரான்ஸ்'. ஷாம்பேனுக்கும் பெரிய தேவாலயத்துக்கும் பேர்போன பிரெஞ்சு ஊர். நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. நேரே ஊருக்கு மேற்கே க்யோ என்ற கிராமத்துச் சாலைக்கு வண்டியை விட்டோம். ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்த சாலை அது. இப்படிப் பழைய பந்தயப் பாதைகளைப் பார்ப்பதுதான் இந்த ஐந்து நாள் பயணம். அதில் நான் முக்கியமாகத் தேடி வந்தது பெல்ஜியத்தில் மாஸ்டா என்ற ஒரு சாலை நெளிவை.

'நாங்கள்' என்றால் நானும் என் மச்சினனும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறான். கார் பந்தயம் என்றால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடுவது, அவ்வளவுதான். "மாமா, லீவு போட்டு வந்து ஆளில்லாத ரோட்டைப் பார்க்கணுமா?" என்று கிளம்பும்போதே கேட்டான். வாடகை கார், தங்கச்சி விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்த புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஐந்து நாள் விடுப்பு. கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரேஸ் கிறுக்கு இருப்பதில் ஆச்சரியமில்லை என்று அவனைச் சமாதானப்படுத்திவிட்டு ஏறினேன்.

கோதுமை அறுத்த வயல்களுக்கு நடுவே ஒரு சாதாரண ரோடு. திடீரென்று ஒரு பக்கம் கான்கிரீட் பார்வையாளர் மாடம், எதிர்ப்பக்கம் பிட் கட்டடம், பந்தய நடுவில் டயர் மாற்ற, பெட்ரோல் போட கார்கள் வந்து நிற்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் அந்த ரோடு, அதில் லாரி போகிறது. சுவரில் பழைய கால எழுத்துகளில் எண்ணெய், டயர் விளம்பரங்கள். பாழடைந்து கிடந்ததை ஆர்வலர்கள் சேர்ந்து சுத்தம் செய்து மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. பிட்டின் மேடை மீது உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

1926ல் இங்கே பந்தயம் ஆரம்பித்தது. மூன்று பொதுச் சாலைகளைச் சேர்த்து ஒரு முக்கோணம், சுற்று சுமார் 8 கி.மீ. ஆரம்பத்தில் கார்கள் க்யோ ஊருக்குள்ளேயே புகுந்து வீடுகளுக்கு நடுவே திரும்பின. அப்புறம்தான் ஊரை ஒதுக்கிவிட்டு இணைப்புச் சாலை போட்டார்கள். 1953ல் மைக் ஹாத்தோர்ன் என்ற 24 வயது ஆங்கிலேயர், கழுத்தில் போ டையோடு, அர்ஜென்டினா ஜாம்பவான் ஃபாஞ்சியோவை இங்கே ஒரே ஒரு வினாடியில் ஜெயித்தார். 1966ல் ஜாக் பிராபம் தன் பெயரிலேயே தயாரான காரில் ஜெயித்தார். அதுதான் இங்கே நடந்த கடைசி ஃபார்முலா 1.

பிட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் லேசாக வளையும் ஒரு திருப்பம். பார்த்தால் திருப்பம் என்றே தோன்றாது. 1958 ஜூலை 6 அன்று லூயிஜி முஸ்ஸோ அங்கேதான் சாலையை விட்டு இறங்கினார். முன்னால் போனது ஹாத்தோர்ன். இருவரும் ஒரே ஃபெராரி அணி. ஓரத்துப் பள்ளத்தில் கார் புரண்டு, அன்றே ஆஸ்பத்திரியில் இறந்தார். அதே பந்தயத்தோடு ஃபாஞ்சியோ ஓய்வு பெற்றார். அந்தப் பள்ளத்தைத் தேடினேன். இப்போது அகலமான ரோடு, ஒரு ரவுண்டானா, நான்கு பெயர்ப்பலகை.

அந்த அணியில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, பீட்டர் காலின்ஸ். அவரை நாலாம் நாள் பார்ப்போம்.

24 மணி நேரப் பந்தயம் நடக்கும் பிரெஞ்சு ஊரான லெ மான்ஸும் முதலில் திட்டத்தில் இருந்தது. தூரத்தைப் பார்த்து விட்டுவிட்டோம். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை ஆரம்பிக்க முடியாது. 1955 ஜூன் 11. பிட்டுக்குத் திரும்புவதற்காக ஹாத்தோர்ன் தன் ஜாகுவாரை பிரேக் போட்டு நிறுத்த, பின்னால் வந்த லான்ஸ் மேக்லின் ஒதுங்க, அவருக்கும் பின்னால் பாய்ந்து வந்த பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் அந்தச் சின்ன காரின் பின்புறச் சரிவில் ஏறி, கூட்டத்துக்குள் பறந்தது. லெவெக்கோடு 80 பேருக்கு மேல் செத்தார்கள். காரின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம், வெள்ளை வெளிச்சமாக எரிந்தது. கூட்டத்துக்கும் பாதைக்கும் நடுவே இருந்தது ஒரு மண்மேடு. பந்தயத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கலைகிற கூட்டம் ஆம்புலன்ஸ் வழியை அடைத்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். நள்ளிரவுக்கு அப்புறம் மெர்சிடிஸ் அணி விலகியது. மறுநாள் ஜெயித்தது ஹாத்தோர்னின் கார். அந்த வருஷமே சுவிட்சர்லாந்து தன் மண்ணில் சர்க்யூட் பந்தயத்துக்குத் தடை போட்டது. பல பத்தாண்டுகள் கழித்து மின்சாரக் கார்களுக்காகத்தான் அது தளர்ந்தது.

மச்சினன் கைகழுவ பாட்டில் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே மாடத்தைப் பார்த்தான். "இங்கேயும் ஆள் இவ்வளவு பக்கத்துலதான் நின்னாங்களா?" அவன் இருந்த இடத்திலிருந்து ரோட்டின் வெள்ளைக் கோடு பத்தடி இருக்கும்.

நாள் 2: ஃப்ராங்கோர்ஷாம், மல்மெடி, மாஸ்டா

காலையில் கிளம்பி ஆர்டென் காடுகள் வழியாக பெல்ஜியம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். ரோடு ஏறுகிறது, இறங்குகிறது, மாடு நிற்கிறது, மறுபடி காடு.

ஃப்ராங்கோர்ஷாமில் இருக்கும் ஸ்பா பந்தயப் பாதை இன்றைக்கு 7 கி.மீ. டிவியில் எல்லோரும் பார்த்த ஓ ரூஜ் பள்ளமும் ரெய்டியோன் ஏற்றமும் இதில்தான். ஏற்றத்தின் அடியில் நின்று பார்த்தேன். படத்தில் தெரிகிற மேடு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, மாடிப்படி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. 1939 வரை கார்கள் இந்த மேட்டில் நேரே ஏறாமல் இடது பக்கமாகப் போய் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பின. அந்த வளைவுக்குப் 'பழைய சுங்கச்சாவடி' என்று பெயர். முதல் உலகப் போர் வரை அந்த ஓடைதான் இந்தப் பக்கம் ஜெர்மனிக்கு எல்லை. மல்மெடி அப்போது பிரஷ்யாவின் ஊர். எனவே இங்கே வயதானவர்களிடம் ஜெர்மன் செல்லுபடியாகும். மச்சினனை அழைத்து வந்ததற்குப் பலன் மதியம் தெரிந்தது.

ஏற்றத்தைத் தாண்டி மேட்டின் உச்சியில் இன்றைய பாதை வலப்புறம் மடங்கி உள்ளே போய்விடும். பழைய பாதை மடங்காது. நேரே காட்டைவிட்டு இறங்கி, மல்மெடி போய், அங்கிருந்து ஸ்டாவ்லோ, ஸ்டாவ்லோவிலிருந்து ஏறித் திரும்ப ஃப்ராங்கோர்ஷாம். மொத்தம் 14 கி.மீ. எல்லாமே பொது ரோடு. இன்றைக்கும் பொது ரோடுதான். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், வேக வரம்புக்குள்.

முதலில் வருவது பர்னென்வில். இறக்கத்தில் நீளமாக, முடியவே முடியாதது போல வளையும் ஒரு வலது திருப்பம், நடுவில் வீடுகள். 1960ல் பெல்ஜியம் கிராண்ட் ப்ரீ என்ற ஃபார்முலா 1 பந்தயத்தின் பயிற்சியின்போது ஸ்டிர்லிங் மாஸ் என்ற ஓட்டுநரின் லோட்டஸ் காரில் பின்சக்கரம் கழன்று, அவர் கால்கள் இரண்டும் முறிந்தன. அதே நாள் மைக் டெய்லர் என்பவரின் லோட்டஸில் ஸ்டீயரிங் தண்டே உடைந்து மரத்தில் மோதியது. மறுநாள் பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ பர்னென்வில்லில் இறந்தார். சில நிமிஷத்தில் ஆலன் ஸ்டேஸி. அவர் முகத்தில் ஒரு பறவை மோதியது. ஸ்காட்லாந்து ஓட்டுநர் ஜிம் கிளார்க்குக்கு அது இரண்டாவது கிராண்ட் ப்ரீதான். பாதையில் கிடந்த பிரிஸ்டோவின் உடலை மயிரிழையில் தவிர்த்துப் போனார். இந்த ஊரை அன்றிலிருந்து வெறுத்தார். வெறுத்துக்கொண்டே 1962லிருந்து 1965 வரை வரிசையாக நான்கு முறை இங்கே ஜெயித்தார். எனக்கு இது இன்னும் பிடிபடாத விஷயம்.

பர்னென்வில்லில் ஒரு வீட்டு ஜன்னலில் சிவப்பு ஜெரேனியம் தொட்டிகள். வாசல்படியிலிருந்து தார் வரை நான் காலால் அளந்தேன், ஆறு எட்டு. மச்சினன் காரிலிருந்து கத்தினான், வீட்டுக்காரர் பார்க்கிறார், வாங்க என்று.

சரி, மாஸ்டா. மல்மெடியிலிருந்து ஸ்டாவ்லோ போகும் நீண்ட நேர் சாலை. பாதி தூரத்தில் வீடுகளுக்கு நடுவே இடது, உடனே வலது என்று ஒரு நெளிவு. அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்கு உலகத்திலேயே பயமான இடம் எது என்றால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். நான் எத்தனையோ முறை படத்தில் பார்த்த இடம். ஸ்டாவ்லோ வந்துவிட்டது, நெளிவு வரவில்லை. திருப்பினோம். மல்மெடி வந்துவிட்டது. மறுபடி திருப்பினோம். மூன்றாம் தடவை ஒரு பண்ணை வீட்டு வேலியில் செடி கத்தரித்துக்கொண்டிருந்த பெரியவர் அருகே நிறுத்தி மச்சினன் ஜெர்மனில் கேட்டான். அவர் கத்தரியாலேயே எங்கள் காரின் முன்சக்கரத்தைச் சுட்டிக் காட்டினார்.

அதற்கு மேல்தான் நின்றுகொண்டிருந்தோம். 70 கி.மீ. வேகத்தில் அது ஒரு வளைவே இல்லை. ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அசைத்தால் போதும், பேச்சுக்கூட நிற்காது. 260, 270ல் வரும்போதுதான் இரண்டு வீடுகளும் இரண்டு பக்கமும் சுவராக நிற்கும்.

1966 ஜூன் 12. பந்தயம் தொடங்கிய இடத்தில் மழையே இல்லை. 14 கி.மீ. சுற்றில் ஒரு மூலையில் வெயிலும் இன்னொரு மூலையில் மழையும் இருப்பது இங்கே சகஜம். முதல் சுற்றிலேயே கார்கள் காய்ந்த ரோட்டு வேகத்தில் மழைக்குள் நுழைந்தன. பாதிக் கார்கள் அந்தச் சுற்றிலேயே போயின. ஸ்காட்லாந்து ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். கார் மாஸ்டா நெளிவில் தண்ணீர் மேல் மிதந்து, ஒரு தந்திக் கம்பத்தையும் கொட்டகையையும் இடித்துக்கொண்டு பண்ணை ஓரத்துப் பள்ளத்தில் போய் நின்றது.

அந்தக் காலத்து காரை ஒரு குளியல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆள் படுத்திருப்பார். அவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் தொட்டியின் சுவர்தான் பெட்ரோல் டாங்க். சீட் பெல்ட் கிடையாது. மோதினால் வெளியே தூக்கி எறியப்படுவதுதான் பிழைக்க வழி என்று பலர் நம்பினார்கள். ஸ்டூவர்ட் எறியப்படவில்லை. தொட்டி நசுங்கி, ஸ்டீயரிங் அவர் காலை அழுத்திப் பிடித்துவிட்டது. உடைந்த டாங்கிலிருந்து பெட்ரோல் மடியில் நிரம்புகிறது. அதே இடத்தில் சறுக்கி நின்ற கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும் ஓடி வந்தார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். யாரிடமும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் காரிலிருந்து ஸ்பானர் வாங்கிக் கழற்றி எடுக்க சுமார் 25 நிமிஷம். இத்தனை நேரமும் ஒரு பொறி போதும்.

வெளியே எடுத்ததும் பெட்ரோல் தோலை எரிக்கிறதே என்று ஹில் அவர் துணியையெல்லாம் உருவிவிட்டார். அப்போது பார்த்து கன்னியாஸ்திரீகள் வந்து சேர்ந்ததைப் பின்னாளில் ஸ்டூவர்ட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்க முடியாதது அதற்கு அப்புறம். முதலுதவி நிலையத்தில் அவரைக் கிடத்திய தரையில் சிகரெட் துண்டுகள். லியேஜ் ஆஸ்பத்திரிக்குப் போன ஆம்புலன்ஸ் வழிகாட்டிப் போன போலீஸைத் தவறவிட்டு வழி தெரியாமல் சுற்றியது.

பெரியவர் கேட் வரை வந்துவிட்டார். பந்தய நாட்களில் ரோட்டை அடைத்துவிட்டால் பால் வண்டி வராது என்று அவர் அப்பா திட்டுவாராம். இவ்வளவுதான் அவர் சொன்னது. மறுபடி கத்தரிக்கப் போய்விட்டார்.

நாள் 3: ஸ்டாவ்லோ, மழை

காலையிலிருந்து மழை. ஸ்டாவ்லோ மடத்தின் நிலவறையில் இந்தப் பந்தயப் பாதையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்வளைவுகளுக்குக் கீழே பந்தயக் கார்கள் வரிசையாக. சின்னச் சின்னதாக இருக்கின்றன. மச்சினன் ஒன்றன் பக்கத்தில் நின்று பார்த்தான், அவன் தொடை உயரம்கூட வரவில்லை.

அங்கே நிற்கும்போது மனதில் ஓடியது ஸ்பானர்தான். அந்த விபத்துக்குப் பின் ஸ்டூவர்ட் தன் காரின் ஸ்டீயரிங் தண்டில் ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டிவைத்தார். அடுத்து சீட் பெல்ட், முழு முகத்தை மூடும் ஹெல்மெட், ஓரத்தில் இரும்புத் தடுப்பு, தகுதியான டாக்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். சர்க்யூட் முதலாளிகளும் சில பத்திரிகைக்காரர்களும் தொடைநடுங்கி என்றார்கள். அவரோ மூன்று முறை உலக சாம்பியன் ஆனவர், ஆகையால் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது கடினமாகிவிட்டது. தோற்றவர் கேட்டிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

1969ல் ஓட்டுநர்கள் ஸ்பாவைப் புறக்கணித்தார்கள். 1970ல் தடுப்பெல்லாம் போட்டு ஒரு முறை நடத்தினார்கள், பெட்ரோ ரோட்ரிகஸ் ஜெயித்தார். பழைய பாதையில் ஃபார்முலா 1 அதோடு முடிந்தது. ஸ்போர்ட்ஸ் கார்கள் விடவில்லை. 1973ல் ஆன்ரி பெஸ்கரோலோ ஒரு மாத்ரா காரில் அந்த 14 கி.மீ.யை 3 நிமிஷம் 13.4 வினாடியில் சுற்றினார். சராசரி 262 கி.மீ. அதாவது நேற்று நான் ஆறு எட்டு வைத்து அளந்தேனே, அந்த வாசலும் இந்தச் சராசரிக்குள் அடக்கம்.

மல்மெடியில் 'பெசே' என்று ஒரு இனிப்பு. முத்தம் என்று அர்த்தம். இரண்டு மெரிங்குக்கு நடுவே கிரீம். ஒன்றுக்கு மேல் முடியாது, மச்சினன் மூன்று சாப்பிட்டான். சாயங்காலம் ஜெர்மனிக்குள், ஆடெனாவ்.

நாள் 4: நூர்பர்க்ரிங்

ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர். பனிமூட்டம். விடுதிக்காரம்மா தோளைக் குலுக்கினார், ஐஃபல் மலையில் இது வானிலையே இல்லையாம்.

ஊர் மேட்டில் நூர்பர்க் என்ற இடிந்த கோட்டை. அதைச் சுற்றி 1925ல் வேலை தொடங்கி 1927ல் திறந்த பாதை இது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய மலைப்பகுதிக்குப் பிழைப்பு கொடுக்க எடுத்த திட்டம். ரான்ஸ், ஸ்பா மாதிரி இருந்த ரோடுகளைச் சேர்த்தது அல்ல, பந்தயத்துக்கென்றே காட்டுக்குள் வெட்டியது. ஆனாலும் காடு காடுதான். வடக்கு வட்டம் மட்டும் அன்றைக்கு 22.8 கி.மீ. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் வித்தியாசம். 'பச்சை நரகம்' என்று பெயர் வைத்தவரும் ஸ்டூவர்ட்தான். 1968ல் மழையும் மூட்டமும் சேர்ந்த நாளில், முன்னால் போகும் கார் தெரியாத நிலையில், இரண்டாவதாக வந்தவரைவிட நான்கு நிமிஷம் முன்னதாக முடித்தார்.

இப்போதும் மாலைகளில் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். காசு கட்டினால் யாரும் ஓட்டலாம், ஒருவழிச் சாலை. நான் ஆசையாகப் பார்த்தேன். மச்சினன் வாடகைக் காரின் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான். பந்தயப் பாதையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. "இடிச்சா இரும்புத் தடுப்புக்கு மீட்டர் கணக்குல பில் போடுவாங்க மாமா. ரோட்டை மூடி வச்ச நேரத்துக்கும் தனியா." 1970ல் இந்தத் தடுப்பு இல்லை என்றுதான் ஓட்டுநர்கள் இங்கே வர மறுத்து, அந்த வருஷப் பந்தயம் ஹாக்கன்ஹைமுக்குப் போனது. அதைச் சொன்னேன். "அதுக்கு நாம ஏன் பில் கட்டணும்?" என்றான். அவன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், சொல்லிவிடுவான் என்கிற பயமும் சேர்ந்து, நடந்தே பார்ப்பதென்று முடிவானது.

ஆடெனாவ் ஓரத்தில் பிரைட்ஷைட் பாலம். பந்தயப் பாதை ஊர் ரோட்டுக்கு மேலே குறுக்கே போகிறது. அங்கிருந்து பாதை ஓரமாகவே காட்டுக்குள் ஏற்றம். வேலிக்கு இந்தப் பக்கம் ஈரமான ஊசியிலை, காளான், எங்கள் மூச்சு. கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் டயர் அலறுவது கேட்கிறது, அப்புறம் மூட்டத்திலிருந்து ஒரு ஜோடி விளக்கு பிதுங்கி வந்து கடந்து போகிறது. தார் முழுக்க ரசிகர்கள் பெயின்ட்டில் எழுதிய பெயர்கள்.

பெர்க்வெர்க் என்ற வலது திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கம் லேசாக வளைகிற இடம். 1976 ஆகஸ்ட் 1. நிக்கி லௌடா அப்போது உலக சாம்பியன். இந்தப் பாதையை முதன்முதலாக 7 நிமிஷத்துக்குள் சுற்றியவரும் அவர்தான், முந்தைய வருஷம் 6 நிமிஷம் 58.6 வினாடி. அதாவது இங்கே யாரையும்விட வேகமானவர். அவரே ஓட்டுநர் கூட்டத்தில் எழுந்து, இவ்வளவு நீளப் பாதைக்குத் தீயணைப்பு வண்டியும் ஆட்களும் போதாது, ஓட்ட வேண்டாம் என்றார். வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

ஈர ரோட்டில் ஆரம்பித்து, ரோடு காயக் காய முதல் சுற்று முடிவில் டயர் மாற்றி, இரண்டாம் சுற்றில் இந்த இடம். ஃபெராரி வலப்பக்கம் பாய்ந்து மண்சரிவில் மோதி, தீப்பிடித்துப் பாதைக்கே திரும்பி வந்தது. ஹெல்மெட் கழன்றுவிட்டது. பின்னால் வந்த கார்களில் ஒன்றிரண்டு அதன் மேலேயே மோதின. அவரைத் தூக்கியது தீயணைப்பு வீரர்கள் இல்லை, கூட ஓட்டியவர்கள்: கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்டல், அப்புறம் ஆர்தூரோ மெர்சாரியோ. மெர்சாரியோ தீக்குள் கையை விட்டு பெல்ட்டைக் கழற்றினார். சீட் பெல்ட் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய பத்து வருஷத்தில், அதைக் கழற்ற ஆள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். 42 நாள் கழித்து மோன்சாவில், ஆறாத காயத்தின் கட்டோடு, லௌடா நான்காவதாக வந்தார். ஜப்பானில் கடைசிப் பந்தயம் கொட்டும் மழையில். இரண்டு சுற்று ஓட்டி நிறுத்திவிட்டு இறங்கினார். ஜேம்ஸ் ஹன்ட் ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன் ஆனார். இன்ஜின் கோளாறு என்று அறிவித்துவிடலாமா என்று அணியில் கேட்டபோது வேண்டாம் என்று மறுத்திருக்கிறார். இந்தப் பயணத்தில் பார்த்த, படித்த எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இறங்குதல்.

வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். மண்சரிவு இருந்த பக்கம் இப்போது இரண்டடுக்குத் தடுப்பு. நடைபாதையில் ஒரு பெண் நாயோடு போனார், வணக்கம் சொன்னார்.

சாயங்காலம் மூட்டம் விலகியதும் இன்னொரு பக்கம் ஃப்ளான்ஸ்கார்ட்டன் போனோம். கார் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பும் மேடு அது. முதல் நாள் சொன்ன பீட்டர் காலின்ஸ் இங்கே. 1957ல் இதே நூர்பர்க்ரிங்கில் 46 வயது ஃபாஞ்சியோ, பிட்டில் நேரம் தொலைத்துப் பின்தங்கியவர், ஒவ்வொரு சுற்றிலும் சாதனையை முறியடித்து காலின்ஸையும் ஹாத்தோர்னையும் கடைசியில் தாண்டினார். அவர் ஜெயித்த கடைசி கிராண்ட் ப்ரீ. தோற்ற இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி அவரைக் கொண்டாடினார்கள். மறு வருஷம் ஜூலையில் முஸ்ஸோ, ஆகஸ்ட் 3ல் இதே இடத்தில் காலின்ஸ். நேர் பின்னால் வந்த ஹாத்தோர்ன் கண்ணால் பார்த்தார். அந்த வருஷம் ஹாத்தோர்ன்தான் உலக சாம்பியன். பட்டம் வாங்கியதும் ஓய்வு அறிவித்தார். 1959 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு சாதாரண ரோட்டில் தன் சொந்தக் காரை ஓட்டிப் போய் மரத்தில் மோதி இறந்தார். வயது 29.

மச்சினன் வெகு நேரம் பேசவில்லை. இரவு சாப்பிடும்போதுதான், "ஆறு மாசத்துல மூணு பேரா?" என்றான். ஜூலையிலிருந்து ஜனவரி. ஏழு மாதம் ஆகவில்லை.

நாள் 5: ஹாக்கன்ஹைம், வீடு

தெற்கே இரண்டரை மணி நேரம். சமவெளி, அஸ்பாரகஸ் வயல், பைன் காடு. இதுவரை பார்த்த இடங்களில் ஹாக்கன்ஹைம்தான் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது. அப்போதும் அப்படித்தான். காட்டுக்குள் இரண்டு நேர்கோடு, நடுவில் ஒரு மைதானம். வளைவுகூட இல்லாத இடத்தில் என்ன ஆபத்து வரும்?

1968 ஏப்ரல் 7. ஃபார்முலா 2, உலக சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில்லாத பந்தயம். ஈரம், குளிர். ஜிம் கிளார்க் எட்டாவது இடத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில் லோட்டஸ் திடீரென்று ஆட்டம் கண்டு காட்டுக்குள் போனது. பின்டயரில் காற்று இறங்கியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் முடிவு. தடுப்பு எதுவும் இல்லை, ரோட்டை ஒட்டி மரம். கிளார்க் இறந்தார். பார்த்தவர் என்று சொல்ல ஒரு பாதைப் பணியாளர் மட்டும். 72 கிராண்ட் ப்ரீயில் 25 வெற்றி. அந்த நாளில் யாரைவிடவும் அதிகம். மற்ற ஓட்டுநர்களுக்கு அதுவரை ஒரு மனக்கணக்கு இருந்தது: தப்பு செய்கிறவன்தான் சாகிறான், கிளார்க் தப்பு செய்ய மாட்டார். அந்தக் கணக்கு அன்றைக்குப் பொய்த்தது.

அதே வருஷம் அடுத்தடுத்து இன்னும் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். மே 7ல் இண்டியனாபொலிஸில் மைக் ஸ்பென்ஸ். ஜூன் 8ல் ரோஸ்ஃபெல்ட் மலையேற்றப் பந்தயத்தில் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி. ஜூலை 7ல் ருவானில் ஜோ ஷ்லெஸர். அவர் ஓட்டியது மக்னீசியத்தில் செய்த ஒரு ஹோண்டா. லெ மான்ஸ் எரிந்து 13 வருஷம் ஆகியிருந்தது.

நினைவுக்கல்லைத் தேடிக் காட்டுக்குள் நடந்தோம். ஒரு விஷயம் தெரிந்தேதான் வந்திருந்தேன், ஆனாலும் நேரில் பார்த்தபோது கால் நின்றது. 2002ல் பாதையைச் சுருக்கியபோது அந்தக் காட்டு நேர்கோடுகளைக் கைவிட்டு, தாரைப் பெயர்த்து எடுத்து, மரம் நட்டுவிட்டார்கள். பழைய காடு இரண்டு பக்கமும் உயரமாக, தாறுமாறாக நிற்கிறது. நடுவில் ரோடு அகலத்துக்கு, நூல் பிடித்த மாதிரி, குட்டை மரங்கள். அவற்றின் ஊடாகப் பார்த்தால் பாதை எங்கே போனது என்று இன்றும் தெரிகிறது.

கல்லின் அடியில் யாரோ வைத்த பூ, ஒரு ஸ்காட்லாந்துக் கொடி. கிளார்க்கின் கல்லறை அவர் ஊரான சர்ன்சைடில். அதில் பெயருக்குக் கீழே முதலில் 'விவசாயி' என்றுதான் பொறித்திருக்கிறது, உலக சாம்பியன் அதற்கு அப்புறம். மச்சினனிடம் சொன்னேன். "மாஸ்டாவுல பால் வண்டி வரலைன்னு திட்டுனாரே, அவரும் இவரும் நல்லா பேசியிருப்பாங்க" என்றான்.

ஐந்து மணிக்கு ஃப்ராங்க்ஃபர்ட்டில் காரைத் திருப்பிக் கொடுத்தோம். கவுண்டர் பையன் டார்ச் அடித்துக்கொண்டு மூன்று தடவை சுற்றி வந்தான். கதவோரம், பம்பர், சக்கரம். கீறல் இல்லை. டயர் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டான்.

மச்சினன் சாவியை மேசை மேல் வைத்தான். மாட்டுப் பண்ணை பார்க்கப் போயிருந்தோம் என்றான்.